ஒன்பதாம் பெட்டியில் அக்காவின் மூச்சு

என் அக்கா புருஷனுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'உஷ்'. முகத்துக்கு நேரே அத்தான், முதுகுக்குப் பின்னால் உஷ். பாட்டு ஓடும்போது யாராவது வாயைத் திறந்தால் போதும், விரலை உதட்டில் வைத்து அந்த ஒரு சத்தம் போடுவார். தண்ணீர் குடித்தாலும் உஷ்தான். ஒருமுறை நான் தும்மியதற்கும் சொன்னார். கோபத்தில் ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். அது அவருக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் நாள் முழுக்கப் பொறுமையாகப் பேசிப் பேசி, வீட்டுக்கு வரும்போது என்னிடம் பொறுமை என்று ஒன்று மிச்சமே இருக்காது. ஆகையால் இதில் நான் யாரையாவது திட்டினால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அத்தானுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. இருபத்தாறு வருஷமாக அதேதான். மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். "இந்த பேரிங் இன்னும் மூணு மாசம் தாங்கும்" என்பார். சரியாக மூன்றாவது மாதம் அது உயிரை விடும். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள், இவர் அந்த ஸ்க்ரூடிரைவரை வைத்திருப்பார். தன் காதின் மேல் அவருக்கு இருக்கும் கர்வம் கொஞ்ச நஞ்சமல்ல.

வீட்டின் பின்னறை முழுக்க அவருடைய பாட்டுதான். நானூற்றுப் பன்னிரண்டு கேசட், முந்நூற்றுச் சொச்சம் சிடி. அக்கா வீட்டிலேயே ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிறவள். துணிக்கட்டுகளை வைக்க இடமில்லாமல் கட்டில் மேல் அடுக்கி, ராத்திரி அவற்றை இறக்கிவிட்டுத்தான் படுக்கவே முடியும். இந்த வருஷம் ஒரு பெரிய ஆர்டர் வந்ததும் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"நாலு மாசத்துக்குள்ள அந்த ரூம் எனக்கு வேணும். ஒண்ணு கேசட் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அத்தான் உடனே பதில் சொல்லவில்லை. யோசித்தார். அதைப் பார்த்து அக்காவுக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

அவர் யோசித்ததற்குக் காரணம் ஒரே ஒரு கேசட். அந்த நானூற்றில் அதுவும் ஒன்று. என் அக்கா பாடுவாள். பாடினாள் என்று சொல்ல வேண்டும். விழாக்களில் பாடும் ஒரு சின்னக் குழுவில் ஆறு வருஷம் இருந்தாள். பிறகு கழுத்தில் ஒரு கட்டி, அதற்கு ஓர் ஆபரேஷன். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, குரல்தான் போயிற்று. பேச வரும், கரகரவென்று. பாட வராது. ஆபரேஷனுக்கு ஒரு வருஷம் முந்தி அந்தக் குழு ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்துப் பதினொரு பாட்டுகளைப் பதிவு செய்திருந்தது. பின்னால் குழு கலைந்தது. மூல டேப்பை வைத்திருந்தவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. அக்காவின் குரல் என்று இந்த உலகத்தில் மிஞ்சியது அத்தானிடம் இருந்த அந்தக் கேசட் மட்டும்தான்.

அன்றைக்கு அந்த ஹாலில் நானும் இருந்தேன். அக்காவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் எனக்கு வேலை. மூன்றாவது பாட்டில், இரண்டாவது சரணம் தொடங்குமுன் அக்கா மைக்குக்கு மிக அருகில் ஒரு மூச்சு இழுத்தாள். நல்ல நீளமான மூச்சு. பதிவு செய்தவர் கையைத் தூக்கி நிறுத்தி, "மூச்சு விழுந்துடுச்சும்மா, இன்னொரு தடவை எடுத்துடலாம்" என்றார். "மூச்சு விடாம பாட நான் என்ன ரேடியோவா? அப்படியே இருக்கட்டும்" என்றாள் அக்கா. அவளுக்குத் திமிர் ஜாஸ்தி, எனக்கே அவளிடமிருந்துதான் வந்திருக்கும்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அத்தான் அந்தக் கேசட்டை ஒரு கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வாங்கினார். கடைக்காரர் அதைச் சின்ன எம்பி3 ஃபைல்களாக மாற்றிக் கொடுத்து, "டேப் ரொம்ப மெலிசு சார், ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் தேயும்" என்று ஒரு பயத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார். அன்றிலிருந்து அத்தான் அதைக் கேசட் ஓட்டும் டெக்கில் போடவே இல்லை. நீலத் திரைத்துணி ஒன்றில் சுற்றிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். ஃபைலை மட்டும் எப்போதாவது போடுவார். போட்ட உடனே அக்கா தையல் மெஷினை ஓட்டத் தொடங்கிவிடுவாள். தைக்கத் துணி இல்லாவிட்டாலும் ஓட்டுவாள்.

ஆக, அறையைக் காலி செய்ய வேண்டும், பாட்டெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். எந்த வடிவத்தில் போக வேண்டும் என்பதுதான் கேள்வி. இரண்டு மாதம் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. எம்பி3, ஏஏசி, ஓபஸ், ஃபிளாக். நான்கும் அந்த வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட விருந்தாளிகள் மாதிரி ஆகிவிட்டன. சுவரில் பெரிய அட்டவணை ஒட்டி, ஒரே பாட்டை நான்கிலும் மாற்றிப் போட்டு மதிப்பெண் போட்டார். தாளம் தட்டும் ஓசைக்குத் தனி மார்க், 'ஸ' என்னும் எழுத்து எதில் சீறுகிறது என்பதற்குத் தனி மார்க். எனக்கு வேலை நேரத்தில் ஃபோன் செய்வார்.

"அம்மாடி, ஓபஸ் பாதி சைஸ்லயே எம்பி3யை அடிச்சுடுச்சு. நம்பவே முடியல."

"அத்தான், இங்க ஒருத்தருக்குப் பல் புடுங்கிட்டிருக்காங்க."

"சரி சரி, அவர் கத்தி முடிச்சதும் கூப்பிடு."

அவர் எனக்கு விளக்கியதில் புரிந்தது இதுதான். எம்பி3, ஏஏசி, ஓபஸ் மூன்றும் நம் காதுக்கு எப்படியும் கேட்காது என்று அவையே முடிவு செய்துகொண்டு ஒலியில் சிலதைத் தூக்கிப் போட்டுவிடும். ஒன்று முரட்டுத்தனமாகப் போடும், ஒன்று நாசூக்காகப் போடும். ஃபிளாக் எதையும் போடாது, இடத்தை மட்டும் குறைக்கும். இதை அவர் அரைமணி நேரம் படம் போட்டு விளக்கினார். அக்கா மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "அது மடிக்கிறது, மத்ததெல்லாம் வெட்டுறது. இதுக்கு எதுக்குங்க இவ்வளவு படம்?" என்றாள்.

அத்தான் எழுந்து சுவர்ப் பக்கம் போனார். பிறகு அட்டவணையின் தலைப்பிலேயே 'மடிப்பவை', 'வெட்டுபவை' என்று எழுதிக்கொண்டார்.

கடைசியில் ஃபிளாக்தான் என்று முடிவாயிற்று. ஆறு வாரம் கேசட் கேசட்டாக டெக்கில் ஓட்டி ஏற்றினார். சிடிக்களையும் ஏற்றினார். ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று அவர் வீட்டில், ஒன்று தீப்பிடித்தால் என்ன ஆவது என்று என் பீரோவில். அக்காவின் பாட்டுகளை மாற்றிய அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. "ரெண்டு எம்பி இருந்த பாட்டு, ஃபிளாக் ஆக்கினதும் பதினாலு எம்பி ஆயிடுச்சு. ஏழு மடங்கு. இவ்வளவு நாளா எங்க இருந்துச்சும்மா இதெல்லாம்?" என்று ஃபோனில் குதித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏழு மடங்கு என்றால் நல்லதுதானே என்று நானும் மண்டையை ஆட்டினேன். எனக்கும் அன்றைக்கு மூளை வேலை செய்யவில்லை.

பிறகு பதினான்கு அட்டைப்பெட்டிகள் கட்டினார். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எதில் என்ன இருக்கிறது என்று பட்டியலும் எழுதினார். பழைய பொருள் கிடங்கு ஒன்றில் சரக்கு லிஃப்டைக் கவனிப்பவர் அவர்தான். அங்கே மூன்றாவது மாடியில் பிளாஸ்டிக்கை அரைத்துத் தூளாக்கும் மெஷின் இருக்கிறது. அவர்களே வேன் அனுப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை அந்த லிஃப்டுக்கு மாதாந்திர சர்வீஸ். பெட்டி கட்டும் மும்முரத்தில் அதைத் திங்கள்கிழமைக்குத் தள்ளிவிட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வந்து பதினான்கு பெட்டிகளையும் அள்ளிக்கொண்டு போயிற்று. அக்கா அறையை இரண்டு முறை துடைத்துவிட்டு, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவ்வளவு நல்ல மனநிலையில் அவளை நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தான் எங்களைக் கூடத்துக்குக் கூப்பிட்டு ஒரு பரீட்சை வைத்தார். இரண்டு மாத உழைப்பு வீண் இல்லை என்று எங்களுக்கு நிரூபிக்க வேண்டுமாம். ஒரே பாட்டை எம்பி3யிலும் ஃபிளாக்கிலும் கம்ப்யூட்டரே மாற்றி மாற்றிப் போடும். எது எது என்று யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் திரை மேல் துண்டைப் போட்டு மூடினார். ஆளுக்கொரு தாள், பத்துக் கேள்வி. அவரும் எழுதினார்.

எனக்கு ஐந்து சரி. அக்காவுக்கு ஐந்து. அத்தானுக்கு நான்கு.

"கண்ணை மூடிக்கிட்டு எழுதியிருந்தாலே அஞ்சு வந்திருக்கும், அத்தான்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்க்ரூடிரைவரைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"அது பெரிய எம்பி3. அதுல வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம்" என்றார். "இப்ப பாரு. உங்க அக்கா பாட்டு. பழைய சின்ன ஃபைலும் புது ஃபிளாக்கும். இதுல வித்தியாசம் தெரியலைன்னா என் காதை அறுத்து உன் கையில குடுத்துடறேன்."

அக்கா எழுந்து போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. தையல் மெஷின் அதற்குள் பின்னறைக்குப் போய்விட்டது, ஓட்டவும் வழியில்லை. கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது பாட்டு ஓடியது. பதின்மூன்று வருஷத்துக்கு முந்தைய என் அக்கா அந்த அறையில் பாடினாள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பழையது முடிந்து புதியது ஓடியது.

"எப்படி?" என்றார் அத்தான். அவர் கண்ணெல்லாம் ஈரம்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் அக்கா.

"நல்லாக் கேளு. இது ஏழு மடங்கு பெரிசு."

"ரெண்டுலயும் என் மூச்சு இல்லையே. ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி நான் மூச்சு இழுத்தேன். இவ கூட இருந்தா. அந்த இடத்துல இப்ப என்னமோ தண்ணி கொப்பளிக்கிற மாதிரி இருக்கு."

அத்தான் மறுபடி போட்டார். காதை ஸ்பீக்கரோடு ஒட்டிக் கேட்டார். இல்லை. எனக்கும் இப்போது கேட்டது, அந்த இடத்தில் மூச்சு இல்லை.

"இந்த ஃபிளாக்கை எதுலேருந்து எடுத்தீங்க? கேசட்லேருந்தா?" என்று அக்கா கேட்டாள்.

"கேசட் தேஞ்சுடுமேன்னு..." என்று இழுத்தார். "அந்தப் பழைய ஃபைல்லேருந்துதான்."

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "வெட்டின துணியை எவ்வளவு அழகா மடிச்சாலும் வெட்டின பாகம் எப்படிங்க திரும்ப வரும்?"

இருபத்தாறு வருஷம் மெஷினோடு குடித்தனம் நடத்திய மனிதர், இரண்டு மாதம் சுவரில் அட்டவணை ஒட்டிய மனிதர், மற்ற நானூற்றுப் பதினொரு கேசட்டுகளையும் ஒழுங்காக டெக்கில் ஓட்டி எடுத்தவர், உயிராகப் பொத்தி வைத்த ஒன்றை மட்டும் பத்திரம் பத்திரம் என்று தொடாமலே விட்டிருக்கிறார். கடைக்காரர் வெட்டிப்போட்ட மிச்சத்தைப் பெரிய ஃபைலாக்கிவிட்டு அசலை அரவைக்கு அனுப்பியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்தால் திட்ட வாய் வரவில்லை. கையும் ஓடாமல் காலும் ஓடாமல், பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பதாம் பெட்டி" என்றார். "நீலத் துணி."

கார் என்னுடையது. அத்தான் முன்னால் ஏறினார். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டுத் திரும்பினால், கழுத்தில் அளவு நாடாவோடு அக்கா.

"நீ எதுக்குடி வர? உனக்குத்தான் அது வேண்டாமே" என்றேன். எங்களுக்குள் கோபம் வந்தால் அக்கா தங்கை மரியாதையெல்லாம் கிடையாது.

"வண்டியை எடு" என்றாள்.

அத்தான் கிடங்குக்கு ஃபோன் போட்டபடியே வந்தார். யாரும் எடுக்கவில்லை. மெஷின் ஓடினால் அங்கே ஃபோன் மணி கேட்காது என்று அவரே சொன்னார், சொல்லிவிட்டு அதன் அர்த்தம் புரிந்து மறுபடி எண்ணை அழுத்தினார். தெருமுனை திரும்பும்போதே கரகரவென்று அந்த மெஷின் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

கீழே மேசையில் மேற்பார்வையாளர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உங்க பெட்டிங்களா? பதினோரு மணிக்கே லிஃப்ட்ல ஏத்தியாச்சே. ஆனா..." என்று ஆரம்பித்தார். ஆனாவுக்குப் பிறகு என்ன என்று கேட்க அத்தான் நிற்கவில்லை. படியேறி ஓடினார். அவர் பின்னால் நான், எனக்குப் பின்னால் அக்கா. மூன்று மாடி. மேலே போனபோது பேசக்கூட யாருக்கும் மூச்சு இல்லை. மெஷினின் வாயிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக் தூள் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் சாக்கில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். கறுப்புத் துணுக்குகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். என் வாழ்க்கையில் ஒரு மனிதரை அவ்வளவு பாவமாக நான் பார்த்ததில்லை.

அத்தானை அறியாத புது மெஷின்காரர் சுவிட்சை அணைத்துவிட்டுக் காதடைப்பைக் கழற்றினார். "என்ன தேடறீங்க?"

"கேசட்" என்றார் அத்தான்.

"கேசட்டா? அது எங்க சார் வந்துச்சு? காலையிலேருந்து பக்கெட்டும் நாற்காலியும்தான் அரைக்கிறேன். லிஃப்ட் ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னுபோச்சு, உங்க பெட்டியெல்லாம் அதுக்குள்ளதான் மாட்டிக்கிட்டு இருக்கு. நேத்து சர்வீஸுக்கு வர வேண்டிய ஆள் வரலையாம். பொறுப்பே இல்ல இவனுங்களுக்கு."

அந்தப் பொறுப்பில்லாத ஆள் தூள் படிந்த கையோடு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சிரிக்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. அக்காவும் சிரித்தாள். மெஷின்காரர் எங்களைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

பிறகு அத்தான் எழுந்தார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒவ்வொரு மாடிக் கதவாகப் பார்த்துக்கொண்டே இறங்கினார். இரண்டாவது மாடியில் கதவுப் பூட்டின் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, என்னை மேலிருந்து சுவிட்சைப் போடச் சொன்னார்.

"போட்டதும் டிக்குனு பிடிச்சு உடனே விடுது" என்று கத்தினார். "கதவு சரியா மூடலைன்னு நினைச்சுக்கிட்டு நிக்குது. கரண்ட் தொடுற காண்டாக்ட்ல அழுக்கு."

சுவிட்சை மறுபடி அணைக்கச் சொல்லி, துணியால் துடைத்து, தகட்டை ஒரு மயிரிழை வளைத்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி மேலே வந்து நின்றது.

"பரீட்சையில நாலு மார்க் வாங்கின காதா இது?" என்றாள் அக்கா. அவர் வெட்கப்பட்டார். அப்படியும் ஒரு பெருமை முகத்தில் எட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

ஒன்பதாம் பெட்டியை இறக்கினோம். நீலத் துணி அப்படியே இருந்தது. மற்ற பெட்டிகளையும் ஆசையாகப் பார்த்தார். "ஒன்பதாம் பெட்டி மட்டும்தான். வேற ஒரு பெட்டி என் ரூமுக்குள்ள வந்தா நான் உங்களை இதே லிஃப்ட்ல வச்சுப் பூட்டிடுவேன்" என்றாள் அக்கா. மீதி பதின்மூன்றும் லிஃப்டுக்குள்ளேயே இருந்தன.

வீட்டில் டெக் இன்னும் மேசை மேல்தான் இருந்தது. அத்தான் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அதில் டேப் உரசும் தலையைத் துடைத்தார். கேசட்டை நீலத் துணியிலிருந்து பிரித்து டெக்கில் போட்டார். கம்ப்யூட்டரில் பதிவு ஓடத் தொடங்கியது. முதலில் உஸ்ஸென்று இரைச்சல், பிறகு முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. டேப் அறுந்துவிடுமோ என்று நான் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது பாட்டு வந்தது. முதல் சரணம் முடிந்தது. வாத்தியங்கள் அடங்கின.

மூச்சு வந்தது. அக்கா இதே அறையில், என் காதுக்குப் பக்கத்தில் இழுத்த மாதிரி, நீளமாக, திமிராக. நான் சத்தமாக மூக்கை உறிஞ்சினேன். உஷ் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

பதினொரு பாட்டும் ஓடி முடிந்தது. அத்தான் பதிவை நிறுத்திச் சேமித்தார், எண்ணிப் பார்த்து இரண்டு டிஸ்கிலும் போட வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்போதுதான் அக்கா ஒரு மூச்சு இழுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். அந்த மூன்றாவது பாட்டின் இரண்டாவது சரணத்தைப் பாடினாள். ரொம்பக் கீழே இறக்கி, கரகரத்த குரலில், ஓரிடத்தில் குரல் நின்று மறுபடி பிடித்து, நான்கு வரி. பன்னிரண்டு வருஷமாக நாங்கள் கேட்காதது.

பாடி முடித்துவிட்டு அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினாள்.

"இப்படியும் ஒண்ணு எடுத்து வைங்க" என்றாள். "இந்தக் குரலையும். வெட்டாம வைங்க."

அத்தான் தலையை வேகவேகமாக ஆட்டினார். மைக்கைத் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தார், மூடினார். பட்டியலை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"மைக் பன்னிரண்டாம் பெட்டியில போயிடுச்சு" என்றார்.

"ஃபோன்லயே எடுங்களேன் அத்தான்."

"ஃபோன் வெட்டிடும்மா."

லிஃப்டை வேறு நல்லபடியாக ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பன்னிரண்டாம் பெட்டி இந்நேரம் அந்த மெஷின் வாய்க்குப் போய்க்கொண்டிருக்கும். வேறு நாளாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். நான் கார் சாவியை எடுத்தேன்.